சிரிப்புக்கும் நோட்டீசா?

2022ஆம் ஆண்டு ஜனவரி 15ந் தேதி, மாட்டுப் பொங்கல். ஜீ தமிழ் தொலைக்காட்சியின் 'ஜூனியர் சூப்பர் ஸ்டார்ஸ்' நிகழ்ச்சியில் சிறுவர்கள் ராஜாவும் மந்திரியுமாக வேஷம் கட்டி வந்தார்கள். 'இம்சை அரசன் 23ஆம் புலிகேசி' படத்தின் பாணி. கறுப்புப் பணத்தை ஒழிக்கப் போகிறேன் என்று ராஜா பணத்தைச் செல்லாததாக்குகிறார். கறுப்புப் பணம் ஒழியவில்லை. ராஜா கலர் கலராகக் கோட்டு மாட்டிக்கொண்டு திரிகிறார். பார்த்த ஜனங்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள்.

சிரிப்பு வராதவர்களும் இருந்தார்கள். தியாகராய நகர் கமலாலயத்தைத் தலைமையகமாகக் கொண்ட தமிழக பி.ஜே.பி.யின் தகவல் தொழில்நுட்பப் பிரிவுத் தலைவர், இது பிரதமரை இழிவுபடுத்துகிறது என்று புகார் செய்தார். 17ந் தேதியே மத்திய செய்தி ஒலிபரப்பு அமைச்சகம் நோட்டீஸ் விட்டது: ஏழு நாளில் பதில் சொல்! கம்பெனியின் ஜீ5 இணையத் தளத்திலிருந்து அந்தக் காட்சி நீக்கப்பட்டது.

என்ன வேகம்! 2024 கடைசியிலிருந்து தமிழ்நாட்டின் கிராமத் தொழிலாளர்களுக்கு நூறு நாள் வேலைக் கூலி மாதக் கணக்கில் பாக்கி கிடந்தது. மனு மேல் மனு போட்டார்கள். அப்போது டில்லி சர்க்காருக்கு இந்த வேகம் எங்கே போயிற்று?

குழந்தைகள் சொன்னதில் பொய் என்ன? 2016 நவம்பர் 8ந் தேதி இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றார் பிரதமர். வாரக் கூலியைப் பழைய நோட்டாக வாங்கிய ஆலைத் தொழிலாளி ஒரு நாள் சம்பளத்தை இழந்து பாங்கு வாசலில் கால் கடுக்க நின்றார். நாற்று நடும் பெண்ணுக்குக் கூலி கொடுக்கச் சில்லறை இல்லை என்று மிராசுதாரர் கைவிரித்தார். கறுப்புப் பணம் ஒழிந்ததா? செல்லாத நோட்டுகளில் 99.3 சதவீதம் திரும்பி வந்துவிட்டதாக ரிசர்வ் பாங்கே 2018இல் கணக்குச் சொல்லிற்று. ரிசர்வ் பாங்கு அறிக்கையில் இருக்கலாம். குழந்தை வாயில் வரக்கூடாதாம்!

பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இதெல்லாம் என்ன தெரியும், வேண்டுமென்றே பேச வைத்திருக்கிறார்கள் என்பது புகார்க்காரர்கள் வாதம். குழந்தைகளை வைத்துப் பணம் பண்ணும் டெலிவிஷன் வியாபாரம் பற்றி நமக்கும் கண்டனம் உண்டு. ஆனால் அதே மேடைகளில் குழந்தைகள் சினிமாக் காதலர்களாக ஆடும்போது இவர்களுக்கு வராத கவலை, ராஜாவைக் கேலி செய்ததும் வந்தது ஏன்? அம்மாவின் இடுப்பில் உட்கார்ந்து பாங்குக் கியூவைப் பார்த்த குழந்தைக்கு அது தெரியாதா?

தொலைக்காட்சி முதலாளி ஏன் வாய் திறக்கவில்லை? லைசென்சு கொடுப்பது சர்க்கார், புதுப்பிப்பதும் சர்க்கார். விளம்பரம் கொடுப்பவர்கள் சர்க்காரும் பெருமுதலாளிகளும். அதே 2022 ஜனவரி 31ந் தேதி, மலையாள 'மீடியா ஒன்' சானலின் லைசென்சைப் புதுப்பிக்க மறுத்து ஒளிபரப்பை நிறுத்தியது மத்திய சர்க்கார். அந்த உத்தரவு தவறென்று சுப்ரீம் கோர்ட் 2023 ஏப்ரலில் ரத்து செய்தது. ஆனால் ஒருவனைக் கட்டி வைத்து அடித்தால் பத்துப் பேர் பயப்படுவார்கள் என்பது பண்ணையாரின் பழைய கணக்கு அல்லவா? பல இடங்களில் நோட்டீஸ்கூடத் தேவைப்படவில்லை. 2017இல் ஸ்டார் பிளஸ் சானலின் சிரிப்புப் போட்டியில் ஷியாம் ரங்கீலா என்ற ராஜஸ்தான் கலைஞர் பிரதமரைப் போலப் பேசிக் காட்டினார். படம் பிடித்தார்கள், ஒளிபரப்பவில்லை. இதுதான் கொடிய தணிக்கை. உத்தரவு இல்லை, கையெழுத்து இல்லை, கோர்ட்டுக்குப் போக வழியும் இல்லை.

இது பி.ஜே.பி.யோடு பிறந்த நோய் என்று நாம் சொல்லவில்லை. 1954இல் காங்கிரஸ் சர்க்கார் நாடகச் சட்டம் கொண்டுவந்தது. எம்.ஆர். ராதாவின் நாடகங்கள்மீதே அதன் குறி. பிரதியைப் போலீசிடம் கொடுத்துத்தான் மேடையேற வேண்டும் என்ற அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைச் சென்னை ஹைகோர்ட் 2013இல்தான் செல்லாதென்றது. வழக்குப் போட்டவர் பத்திரிகையாளர் ஞாநி. 1987இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில், அட்டைப்படக் கேலிச்சித்திரத்துக்காக 'ஆனந்த விகடன்' ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்குச் சட்டசபை 3 மாதச் சிறைத் தண்டனை விதித்தது. எழுந்த கண்டனத்தில் சில நாளிலேயே அவரை விடுதலை செய்ய நேர்ந்தது.

நம் நிலையையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். 1968இல் சோ ராமசாமி 'முகமது பின் துக்ளக்' நாடகத்தை மேடையேற்றினார். மயிலாப்பூர் சபாக்காரர்கள் ரசித்த நாடகம். சோவின் அரசியல் நமக்கு நேர் எதிர். ஆயினும் அவருக்கு அந்த மேடை உண்டு என்போம். நமக்குப் பிடித்த கேலிக்கு மட்டும் சுதந்திரம் கேட்பது சுதந்திரம் கேட்பதாகாது. நம் கட்சியைக் கேலி செய்தாலும் தோழர்கள் சிரிக்கப் பழக வேண்டும்; கேலியில் உண்மை இருந்தால் திருத்திக்கொள்ள வேண்டும். தெருக்கூத்தில் ராஜாவைக் கட்டியங்காரன் கிண்டல் செய்யும்போது ராஜா கத்தியை உருவுவதில்லை. நம் கிராமத்து ஜனநாயகம் அது.

எதிர்த்தால் பலன் உண்டா? அமெரிக்காவைப் பாருங்கள். 2025 செப்டம்பர் 17ந் தேதி, லைசென்சு அதிகாரி மிரட்டியதும் ஏ.பி.சி. கம்பெனி ஜிம்மி கிம்மல் என்பவரின் கேலி நிகழ்ச்சியை நிறுத்தியது. எழுத்தாளர் சங்கமும் நடிகர் சங்கமும் எதிர்த்தன. ஏராளமான ஜனங்கள் அந்த முதலாளியின் சந்தாவை ரத்து செய்தார்கள். 23ந் தேதி நிகழ்ச்சி திரும்பி வந்தது. சர்க்காருக்குப் பயந்த முதலாளி சந்தாதாரருக்கும் பயப்பட வேண்டியதாயிற்று.

டெலிவிஷன் மாதக் கட்டணம் நம் கூலியிலிருந்தும் போகிறது. ஆகவே நாம் கோருகிறோம்: கேலிக்கு நோட்டீஸ் விடும் வழக்கத்தை மத்திய சர்க்கார் கைவிட வேண்டும். லைசென்சு அதிகாரம் மந்திரிகள் கையிலிருந்து சுயேச்சையான அமைப்புக்கு மாற வேண்டும். சர்க்கார் சொன்னதால் ஒரு காட்சியை வெட்டினால், வெட்டினோம் என்று சானல்கள் பகிரங்கமாக அறிவிக்க வேண்டும்.

தொழிற்சங்கங்களும் விவசாயத் தொழிலாளர் சங்கங்களும் இக்கோரிக்கையைத் தீர்மானமாக நிறைவேற்றுக! சானல் வெட்டிய காட்சியை ஆலை வாசலிலும் சேரித் திடலிலும் நம் கலைக்குழுக்கள் நடிக்கட்டும். அங்கே நோட்டீஸ் வாங்க முதலாளி இல்லை. சிரிக்க ஜனங்கள் இருக்கிறார்கள்.