எந்தக் கடன் நம் வீட்டுக்கு ஏற்றது?

சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள ரப்பர்த் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களுக்கு வீடு வேலையோடு வந்தது. வேலை போனால் வீடும் போனது. 1950களின் பிற்பகுதியில் அந்நிய முதலாளிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்கத் தொடங்கியபோது இந்த உண்மை கசப்பாகப் புரிந்தது. இவ்வூரில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்ததற்கு அதுவே காரணம். தொழிலாளர்கள் மாதந்தோறும் பத்து வெள்ளியாகச் செலுத்திய பணம் தோட்டங்களை வாங்கியது.

அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று சொந்த வீட்டுக்காக வங்கியை நாடுகிறார்கள். “எங்கே வட்டி குறைவு?” என்பதே அவர்களின் முதல் கேள்வி. அது இரண்டாவது கேள்வியாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. கடன் எந்த வகையைச் சேர்ந்தது என்பதையே முதலில் கேட்க வேண்டும்.

நம் நாட்டில் பெரும்பாலான வீட்டுக் கடன்களுக்கு வட்டி நிலையானதன்று. பேங்க் நெகாரா கொள்கை வட்டி விகிதத்தை மாற்றினால் தவணையும் மாறும். அவ்விகிதம் 2020ஆம் ஆண்டு ஜூலையில் 1.75 விழுக்காடாக இருந்தது; 2023ஆம் ஆண்டு மே மாதத்தில் 3 விழுக்காட்டை எட்டியது. 35 ஆண்டுகளுக்கு ரிம 200,000 கடன் வாங்கியவருக்கு இந்த ஏற்றத்தால் மாதத் தவணை ஏறக்குறைய 150 ரிங்கிட் கூடும். இஸ்லாமிய வீட்டு நிதியளிப்பில் வட்டிக்குப் பதில் இலாப விகிதம் உண்டு. அது எதுவரை ஏறலாம் என்ற உச்சவரம்பு ஒப்பந்தத்திலேயே குறிக்கப்படுவது வழக்கம். முஸ்லிம் அல்லாதவர்களும் இதைப் பெறலாம் என்பது நம்மில் பலருக்குத் தெரிவதில்லை.

அடுத்து, கூடுதலாகக் கட்டும் பணம் என்ன ஆகிறது? சாதாரணத் தவணைக் கடனில் அதை அடுத்த மாதத் தவணையாகவே சில வங்கிகள் எடுத்துக்கொள்ளும்; அசல் குறையாது. ‘செமி ஃபிளெக்சி’ எனப்படும் கடனில் அது அசலைக் குறைக்கும். தேவைப்பட்டால் விண்ணப்பித்துத் திரும்பப் பெறலாம். ‘ஃபுல் ஃபிளெக்சி’ கடன் நடப்புக் கணக்கோடு இணைந்தது. போட்ட பணத்தை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். பணம் புரட்டும் கடைக்காரருக்கு இது பொருந்தும். மாதச் சம்பளக்காரர் வீட்டில், தீபாவளி நெருங்கும்போது அந்தப் பணம் தங்குமா?

தொழிற்சாலையில் ஓவர்டைம் கிடைக்கும் மாதத்தில் கை தாராளமாக இருக்கும்; கிடைக்காத மாதத்தில் இறுக்கும். இத்தகைய குடும்பத்துக்கு ‘செமி ஃபிளெக்சி’ கடனையே நான் பரிந்துரைப்பேன். ஒரு கணக்கைப் பார்ப்போம். நான்கு விழுக்காடு வட்டியில் ரிம 200,000 கடனை 35 ஆண்டுகளில் அடைக்க மாதத் தவணை ஏறக்குறைய ரிம 886. 25 ஆண்டுகள் என்றால் ரிம 1,056. வித்தியாசம் 170 ரிங்கிட்தான். ஆனால், மொத்த வட்டியில் சுமார் ரிம 55,000 மிச்சமாகும்! குறுகிய காலத்தைத் தேர்ந்தெடுத்தால் ஒவ்வொரு மாதமும் பெரிய தவணையைக் கட்டியே ஆக வேண்டும். மாறாக, 35 ஆண்டுக் கடனை எடுத்து, முடிந்த மாதமெல்லாம் ரிம 1,056 கட்டி வரலாம். வருமானம் குறைந்த மாதத்தில் ரிம 886 கட்டினால் போதும். வங்கியிலிருந்து எச்சரிக்கைக் கடிதம் வராது.

கடன் ஒப்பந்தம் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். பல வீடுகளில் அதைப் படித்துப் பெற்றோருக்கு விளக்குபவர் இடைநிலைப்பள்ளி மாணவரே. அப்பா கையொப்பமிடுவதற்கு முன், “கூடுதலாகக் கட்டும் நூறு ரிங்கிட் எந்த நாளில் அசலிலிருந்து கழியும்?” என்று வங்கி அதிகாரியிடம் கேளுங்கள். அந்தப் பதில் ஒப்பந்தத்தின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதையும் காட்டச் சொல்லுங்கள்.