மொய்க்கு நோட்டு உண்டு, நகைக்கு எங்கே?

திருப்பூர்ப் பக்கம் ஒரு கலியாணத்துக்குப் போகிறீர்கள். மண்டபத்து வாசலில் ஒரு மேஜை. அதன்மேல் மொய் நோட்டு. இன்ன ஊர், இன்னார் மகன் இன்னார், ரூ.500 என்று எழுதிக்கொள்கிறார்கள். எழுதாமல் ஒரு ரூபாய்கூட உள்ளே போகாது.

அதே மண்டபத்தில் மணப்பெண் 40 பவுன் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அது எந்த நோட்டில் இருக்கிறது? எதிலும் இல்லை!

நகை மெஷின் ஆகிறது

ஓராண்டு போகிறது. மாப்பிள்ளைக்குச் சொந்தமாகப் பனியன் கம்பெனி வைக்க ஆசை. ஓவர்லாக் மெஷின் வேண்டும். கட்டடத்துக்கு அட்வான்ஸ் வேண்டும். நகை அடகுக்குப் போகிறது. இதில் தப்பில்லை. மனைவியின் வளையலில் பிறந்த கம்பெனிகள் இந்த ஊரில் எத்தனையோ!

ஆனால், பனியன் தொழில் ஏறும், இறங்கும். 2011 ஜனவரியில், சாயக் கழிவு வழக்கில், திருப்பூர் சாய, சலவைப் பட்டறைகளை மூடும்படி சென்னை ஐகோர்ட்டு உத்தரவிட்டது. சாயம் நின்றால் துணி நிற்கும். துணி நின்றால் தையல் நிற்கும். அடகு வட்டி மட்டும் நிற்காது. அந்த நேரத்தில் புருஷன் பெண்டாட்டிக்குள் பிளவும் வந்துவிட்டால், "எந்த நகை? எத்தனை பவுன்?" என்று கேட்பார்கள்.

ஒப்பந்தம் செல்லுமா?

வெளிநாட்டுப் பணக்காரர்கள் கலியாணத்துக்கு முன்பே சொத்து ஒப்பந்தம் எழுதுகிறார்கள். இங்கேயும் எழுதலாமா? கோவாவில் முடியும். போர்த்துக்கீசியர் காலத்துச் சட்டம் அங்கே இன்னும் இருக்கிறது. மற்ற இடங்களில், இந்துக் கலியாணத்துக்கு எழுதும் அப்படிப்பட்ட பத்திரத்தை நம்பியிருக்க முடியாது. பொது நலனுக்கு மாறான ஒப்பந்தம் செல்லாது என்கிறது 1872-ம் ஆண்டுச் சட்டம். "மாமியார் வீட்டோடு இருப்பேன்" என்று எழுதிக் கொடுத்த ஒரு மாப்பிள்ளையின் ஒப்பந்தத்தை 1901-லேயே கல்கத்தா ஐகோர்ட்டு செல்லாது என்று தள்ளியது.

கையில் இருக்கும் காகிதம்

ஆனால், சட்டமே எழுதச் சொல்லும் ஒரு காகிதம் உண்டு. பலருக்கு இது தெரியாது. வரதட்சணை கேட்பதும் கொடுப்பதும் 1961 முதல் குற்றம். கேட்காமல் வழக்கப்படி கொடுக்கும் பரிசுக்குத் தடை இல்லை. அது கொடுப்பவரின் வசதிக்கு மீறியதாக இருக்கக்கூடாது. அந்தப் பரிசுகளுக்குப் பட்டியல் எழுத வேண்டும் என்கிறது 1985-ம் ஆண்டு விதி. என்ன பொருள், சுமார் என்ன விலை, கொடுத்தது யார், என்ன உறவு என்று எழுதி, பெண்ணும் மாப்பிள்ளையும் கையெழுத்திட வேண்டும். கையெழுத்துத் தெரியாதவருக்குப் படித்துக் காட்டி, கைரேகை வாங்கலாம். படித்துக் காட்டியவரும் கையெழுத்திட வேண்டும். பெண்ணுக்கு வந்த பரிசுப் பட்டியல் பெண்ணிடமே இருக்க வேண்டும்.

இதன் அருமையை ஒரு கேரள வழக்கு காட்டும். 2003-ல் கலியாணம். பெண் வீட்டார் போட்டது 89 பவுன். முதல் இரவே கணவன் நகையை வாங்கி, பத்திரமாக வைக்கத் தன் தாயிடம் கொடுத்துவிட்டதாகப் பெண் சொன்னார். குடும்பக் கோர்ட்டில் ஜெயித்தார். ஐகோர்ட்டில் தோற்றார். 2024 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு அவருக்கு ரூ.25 லட்சம் கொடுக்கச் சொன்னது. ஸ்ரீதனம் மனைவியின் தனிச் சொத்து. கஷ்டத்துக்குக் கணவன் எடுத்தாலும் திருப்பித் தரவேண்டும் என்றது. நியாயம் கிடைக்க 21 ஆண்டு!

கையெழுத்து போடும் முன்

கம்பெனிக் கடனுக்கு மனைவியிடம் ஜாமீன் கையெழுத்துக் கேட்பார்கள். போட்டுவிட்டால், பாங்கிக்காரர் மனைவியின் சொத்தின் மீதும் வரலாம். போடாதவரை, அவர் பெயரில் உள்ள அவருடைய சொந்தச் சொத்து கணவனின் கடனுக்குப் பொறுப்பல்ல. கணவன் தன் பெயரில் ஆயுள் இன்ஷூரன்ஸ் எடுக்கும்போதே, 1874-ம் ஆண்டு மணமான பெண்கள் சொத்துச் சட்டப்படி, அதை மனைவி மக்களுக்கு என்று எழுதலாம். அந்தப் பணத்தைக் கடன்காரர் தொட முடியாது. ஏறி இறங்கும் தொழில் செய்பவர்கள் இதை விசாரித்துப் பார்க்கலாம்.

"பட்டியல் எழுதச் சொன்னால் சம்பந்தி கோபித்துக்கொள்வாரே!" என்பார்கள். மொய் எழுதுவதில் யாருக்குக் கோபம் வந்தது? யாழ்ப்பாணத் தமிழரின் தேசவழமையை 1707-ல் டச்சுக்காரர்கள் எழுதி வைத்தார்கள். அதிலேயே பெண்ணின் சீதனம் தனிச் சொத்தாக இருக்கிறது.

மொய் எழுதும் மேஜையிலேயே இன்னொரு நோட்டைப் போடுங்கள். நகைக்கடை ரசீதையும் ஒரு போட்டோவையும் அதோடு சேர்த்து வையுங்கள். பட்டியலின் நகல் ஒன்று தாய்வீட்டு பீரோவிலும் இருக்கட்டும்.