காணாமல் போன சிப்பாய்க்கு 'ஓடிப்போனவர்' பட்டமா?



எல்லையில் துப்பாக்கிச் சத்தம் கேட்டால் நம்ம டைம்லைன் முழுக்க தேசியக்கொடியும் சல்யூட்டும்தான். நல்லது. ஆனா சண்டை முடிஞ்ச பிறகு திரும்பி வராத சிப்பாயின் பெயருக்கு நேரே பதிவேட்டில் என்ன எழுதுறாங்கன்னு யாராவது கேட்டிருக்கோமா?

உத்தரப்பிரதேசத்தில் மீரட் பக்கம் ஒரு கிராமம். 1999இல் ஒரு ராணுவ வீரருக்குக் கல்யாணம். பத்து நாள் போல ஆகியிருக்கும், கார்கிலுக்குக் கூப்பிட்டு விட்டார்கள். போனவர் காணாமல் போனார். ராணுவம் அவரை 'தப்பியோடியவர்' என்று பதிவு செய்தது. அந்தக் குடும்பம் ஊருக்குள் எப்படித் தலைநிமிர்ந்து நடந்திருக்கும்? மனைவி சில ஆண்டுகள் காத்திருந்துவிட்டு, பெரியவர்கள் சொன்னபடி மறுமணம் செய்துகொண்டார். 2004 ஆகஸ்டில் அந்த வீரர் திரும்பி வந்தார், பாகிஸ்தான் சிறையிலிருந்து! ஐந்து வருஷம் எதிரி நாட்டுச் சிறையில் கிடந்தவரைத்தான் ஓடிப்போனவர் என்று எழுதி வைத்திருந்தோம். அப்போது அந்தப் பெண் நிறைமாத கர்ப்பிணி. அவர் யாரோடு வாழ வேண்டும் என்று பஞ்சாயத்து கூடியது, அதையும் டிவியில் நேரலையாகக் காட்டினார்கள். முதல் கணவரிடமே திரும்பிய அவர், 2006 ஜனவரியில் இறந்து போனார். இருபதுகளில் இருந்த பெண்.

இதில் யார் குற்றவாளி? பாகிஸ்தான் சிறைபிடித்ததைச் சொல்லவில்லை, அது உண்மை. ஆனால் 'தப்பியோடியவர்' என்று எழுதிய கை நம்முடையது.

இது எப்படி நடக்கிறது? 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டப்படி, ஒருவர் அனுமதி இல்லாமல் 30 நாள் பணிக்கு வராவிட்டால் விசாரணை மன்றம் கூடும். அவர் இல்லை என்று பதிவு செய்யும். அதன் பிறகும் அவர் வராவிட்டால் தப்பியோடியவராகக் கருதப்படுவார். பாளையத்திலிருந்து லீவில் போய்த் திரும்பாதவருக்கு இது சரி. எல்லைக் கோட்டில் ரோந்து போனவருக்கும் இதே அளவுகோலா?

களத்தில் திரும்பாதவரை வேறு வகைகளிலும் சேர்க்கலாம். போரில் இறந்தவர், காணவில்லை, காணவில்லை ஆனால் இறந்ததாக நம்பப்படுகிறது, போர்க்கைதி. வெறும் வார்த்தை என்று நினைக்காதீங்க. சம்பளம் தொடருமா, பென்ஷன் எப்போது வரும், மனைவி தன்னை விதவை என்று எழுதணுமா, எல்லாமே இதில்தான் நிற்கிறது. போர்க்கைதி என்றால் அவரைச் சார்ந்தவர்களைக் கவனிக்க ராணுவச் சட்டத்திலேயே வழி இருக்கு. ஏழு வருஷம் தகவலே இல்லாவிட்டால் இறந்ததாகக் கருதலாம் என்பது சாட்சியச் சட்டம். புதிய சட்டத்திலும் அது அப்படியே இருக்கு.

இதை எழுதுறவன் இன்ஜினியரிங் படிச்சவன். டேட்டாபேஸில் 'நல்' என்று ஒன்று உண்டு. மதிப்பு தெரியவில்லை என்று அர்த்தம். அந்த இடத்தில் பூஜ்யத்தைப் போட்டால் முதல் செமஸ்டர் பையனுக்கே மார்க் குறைப்பாங்க. தெரியவில்லை என்று எழுத வேண்டிய இடத்தில் ஓடிவிட்டார் என்று எழுதியவர்களுக்கு யார் மார்க் குறைச்சது?

1971 கதை இதைவிட நீளம். அந்தப் போரில் நம்மிடம் சரணடைந்தவர்கள் சுமார் 93,000 பேர். சிம்லா, டெல்லி ஒப்பந்தங்களுக்குப் பின் அவர்கள் வீடு போய்ச் சேர்ந்தார்கள். நம்ம ஆட்களில் 54 பேர் வரவே இல்லை. மேஜர் அசோக் சூரி 'போரில் இறந்தவர்' என்று அறிவிக்கப்பட்டார். 1974, 75இல் பாகிஸ்தானிலிருந்து அவர் கையெழுத்தில் அப்பாவுக்குக் கடிதங்கள் வந்தன. கையெழுத்தைச் சோதித்த பிறகு பதிவேட்டில் 'காணவில்லை' என்று மாற்றினார்கள். மாற்றியதோடு சரி, ஆள் வரவில்லை. விமானி தாம்பேயின் பெயர் பிடிபட்டவர்கள் பட்டியலில் பாகிஸ்தான் தரப்புப் பத்திரிகையிலேயே அச்சானது. பேட்மிண்டனில் தேசிய சாம்பியனான அவர் மனைவி தமயந்தி வாழ்நாளையே கணவரைத் தேடுவதில் கழித்தார். 1979இல் நாடாளுமன்றத்தில் 40 பேர் பட்டியல் வைக்கப்பட்டது. 2007இல் குடும்பத்தினர் 14 பேர் பாகிஸ்தான் சிறைகளுக்கே போய்த் தேடி வெறுங்கையோடு திரும்பினார்கள். 2019இல் மத்திய அரசு சொன்ன கணக்கு 83 பேர். பாகிஸ்தானின் பதில் மாறவில்லை: எங்களிடம் யாரும் இல்லை. டெல்லியில் எந்தக் கட்சி உட்கார்ந்தாலும் அந்தப் பதிலை வாங்கி நம்மிடம் வாசிக்கிறதோடு வேலை முடிஞ்சது.

ஜெனீவா உடன்படிக்கையில் ரெண்டு நாடுகளும் இருக்கின்றன. முகாமுக்கு வந்த ஒரு வாரத்துக்குள் கைதி தன் வீட்டுக்கு அட்டை எழுத அனுமதிக்கணும். சண்டை ஓய்ந்ததும் தாமதமில்லாமல் திருப்பி அனுப்பணும். 2019 பிப்ரவரியில் நம்ம சென்னைக்காரர் அபிநந்தன் பிடிபட்டபோது மூன்றே நாளில் வாகா வழியாக வந்தார். அவர் உயிரோடு இருக்கும் வீடியோவை உலகமே பார்த்துவிட்டது, இல்லை என்று சொல்ல வழியில்லை. 1971இல் யார் கையில் செல்போன் இருந்தது?

அமெரிக்காவும் ஒழுங்கு என்று சொல்ல வரவில்லை. 1991 வளைகுடாப் போரின் முதல் இரவில் சுடப்பட்ட கடற்படை விமானி ஸ்பெய்ச்சரை முதலில் 'இறந்தவர்' என்றார்கள். 2001இல் 'காணவில்லை', 2002இல் 'காணவில்லை, சிறைபிடிக்கப்பட்டவர்'. 2009இல் ஈராக் பாலைவனத்தில் உடலின் எச்சம் கிடைத்த பிறகுதான் கோப்பை மூடினார்கள். தவறாக எழுதியதைத் திருத்த அங்கே வெட்கப்படவில்லை. தேடுவதையும் நிறுத்தவில்லை.

நம்ம எம்.பி.க்களுக்கு ஐடி விங் சார்பாக ஒரு வேண்டுகோள். வரும் கூட்டத்தொடரில் இதைக் கேளுங்கள். எல்லையில் பணியிலிருந்தபோது காணாமல் போனவரை, ஓடியதற்கு ஆதாரம் இல்லாமல் தப்பியோடியவர் என்று எழுதத் தடை வேண்டும். விசாரணை மன்றத்தின் முடிவு, காரணத்தோடு, குடும்பத்துக்கு அவர்கள் மொழியில் எழுத்தில் போகணும். புதுத் தகவல் வந்தால் மறுபரிசீலனை கேட்க குடும்பத்துக்கு உரிமை வேண்டும். 54 பேரின் கோப்புகளையும் திறங்கள்.

மாவட்ட, ஒன்றிய ஐடி விங் தோழர்களே, உங்கள் பகுதி முன்னாள் ராணுவத்தினரிடம் இதைக் கொண்டு போங்கள். இப்படிப் பதிவேட்டில் சிக்கிய குடும்பம் இருந்தால் இன்பாக்ஸில் எழுதுங்கள், பெயரைப் பொதுவில் போட வேண்டாம்.

#54பேர்எங்கே