கார்டுக்கு ஏழாண்டு, பி.எப்.புக்கு?

முதலாளி கொடுத்த கிரெடிட் கார்டைச் சொந்தச் செலவுக்குத் தேய்த்துவிட்டான் என்று ஓர் ஊழியன்மீது புகார் எழுந்தால் என்ன நடக்கும் என்பதை, ராணிப்பேட்டை முதல் வாணியம்பாடி வரை தோல் தொழிலில் உழைக்கும் தோழர்களுக்கு நாம் விளக்கத் தேவையில்லை. வேலை போகும், போலீசு வரும், 'திருடன்' என்ற பட்டம் தெருவெல்லாம் பரவும். விசாரணை என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்!

இக்குற்றத்திற்குச் சட்டம் வைத்திருக்கும் பெயர் நம்பிக்கை மோசடி. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 316-ஆவது பிரிவின்படி, நம்பி ஒப்படைத்ததைத் தனதாக்கிக்கொண்ட ஊழியனுக்கு 7 ஆண்டு வரை சிறை. அப்படிச் செய்தவனுக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால், குற்றச்சாட்டு வேறு, குற்றம் வேறு. நேர்மையற்ற எண்ணம் இருந்தது என்று மெய்ப்பிக்க வேண்டியது அரசுத் தரப்பின் கடமை. 7 ஆண்டு வரை தண்டனைக்குரிய வழக்குகளில் எடுத்த எடுப்பிலேயே கைது செய்யலாகாது, கைதுக்குக் காரணத்தை எழுதி வைக்கவேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2014-இலேயே கூறியிருக்கிறது.

ஆஸ்திரேலியாவில் நடந்ததைப் பாருங்கள். சுகாதார ஊழியர் சங்கத்தின் தேசியச் செயலாளராக இருந்து, பின்னர் நாடாளுமன்ற உறுப்பினரான கிரெய்க் தாம்சன், சங்கத்தின் கார்டைத் தம் சுகத்திற்குச் செலவிட்டார் என்று 2013-இல் கைது செய்யப்பட்டார். 2014 பிப்ரவரியில் 65 குற்றச்சாட்டுகளில் குற்றவாளி என்று தீர்ப்பு. அதே ஆண்டு டிசம்பரில் மேல்முறையீட்டில், குற்றச்சாட்டை வகுத்த முறையே பிழை என்று பெரும்பாலானவை தள்ளுபடியாயின. 13 திருட்டுக் குற்றங்கள் நிலைத்தன. 25,000 டாலர் அபராதம். அந்தக் கார்டுக்குப் பின்னால் இருந்தது மருத்துவமனைத் தொழிலாளர்களின் சந்தாப் பணம். பிறர் பணத்தைக் கையாள்பவன் கணக்குச் சொல்லியே ஆகவேண்டும்; தொழிற்சங்கத் தலைவனும் அதற்கு விலக்கல்ல.

அப்படியானால், முதலாளி மட்டும் விலக்கா?

ஆம்பூரில் ஷூ தைக்கும் பெண்ணின் அடிப்படைச் சம்பளம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பி.எப். என்று அதில் 12 சதவீதம், 1,200 ரூபாய், பிடிக்கப்படுகிறது. பிடித்த அந்த நிமிடமே அது முதலாளியின் பணமல்ல. அந்தப் பெண் நம்பி ஒப்படைத்த பணம். அதைக் கட்டாமல் ஒரு முதலாளி விழுங்கினால் அதுவும் நம்பிக்கை மோசடியே! இது நம்முடைய கற்பனையல்ல. 1973-இல் பி.எப்.புக்கும், 1975-இல் ஈ.எஸ்.ஐ.க்கும் பழைய தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட விளக்கம் அது. அதே 316-ஆவது பிரிவில் இன்றும் இருக்கிறது.

ஆனால், தராசைப் பாருங்கள்! ஊழியன் செய்தால் 7 ஆண்டு வரை. முதலாளி செய்தால் 5 ஆண்டு வரை. போதாக்குறைக்கு, ஈ.எஸ்.ஐ. பாக்கி வழக்கொன்றில் உச்சநீதிமன்றம் 1998-இல், அந்த விளக்கத்தின்படி முதலாளி என்பது கம்பெனிதான், இயக்குநர்கள் அல்லர் என்று கூறிவிட்டது. கம்பெனிக்கு விலங்கு மாட்ட முடியுமா? கம்பெனியைக் கம்பி எண்ண வைக்க முடியுமா? கார்டு தேய்த்தவனுக்குக் கை இருக்கிறது, விலங்கு மாட்டுகிறார்கள். கம்பெனிக்குக் கையில்லை, தப்பிவிடுகிறது!

ஒருவர் ஊரறியப் பழிக்கப்படுகிறார். நூறு பேரின் முதுமைக்கான பணம் போனால் அது வெறும் 'பாக்கி' எனப்படுகிறது. சொல்லிலேயே வர்க்கம் இருக்கிறது, தோழர்களே!

ஆகவே நாம் கேட்பது இரண்டு. ஒரே மோசடிக்கு ஒரே தண்டனை வேண்டும். கம்பெனியின் பெயருக்குப் பின்னால் ஒளியும் இயக்குநரைப் பொறுப்பாளி என்று சட்டம் தெளிவாகச் சொல்லவேண்டும்.

அதுவரை தோழர்கள் சும்மா இருக்கலாகாது. மாதந்தோறும் பி.எப். கணக்கைப் பாருங்கள். சம்பளச் சீட்டில் பிடித்தம் இருந்து கணக்கில் வரவு இல்லையென்றால், சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்; கூட்டாகச் சென்று வேலூர் பி.எப். அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். அந்தச் சீட்டுதான் உங்கள் சாட்சி.