அவசரத்துக்கு உதவாத இண்டர்நெட் டெலிபோன்

மும்பையில் வேலை பார்க்கும் நம்மவர்களில் பெரும்பாலோர் இன்று ஊருக்குப் பேசுவது வாட்ஸ்அப்பில்தான். இரவில் கட்டணம் குறையட்டும் என்று எஸ்.டி.டி. பூத் வாசலில் காத்து நின்ற காலம் மலையேறிவிட்டது. ஆனால் அந்த வாட்ஸ்அப்பிலிருந்து 112-ஐக் கூப்பிட முடியாது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

போலீசுக்கு 100, தீயணைப்புக்கு 101, ஆம்புலன்சுக்கு 108 என்று தனித்தனியாக இருப்பதை மாற்றி, நாடு முழுவதற்கும் 112 என்ற ஒரே எண் வேண்டும் என்று 2015 ஏப்ரலில் டிராய் சிபாரிசு செய்தது. 2019 பிப்ரவரியில் பல மாநிலங்களுக்கு அது விரிவாக்கப்பட்டது. சாதாரண செல்போனில் 112-ஐ அழுத்தினால், நாம் எந்த டவரின் கீழ் நிற்கிறோமோ அந்த மாநிலத்தின் கட்டுப்பாட்டு அறைக்கு அழைப்பு போகும்.

இண்டர்நெட் டெலிபோனில் நிலைமை வேறு. பழைய டெலிபோனுக்குக் கம்பி உண்டு; கம்பியின் மறுமுனையில் ஒரு வீடு உண்டு. இண்டர்நெட்டில் பேசுகிறவர் தாராவியில் இருக்கலாம், துபாயிலும் இருக்கலாம். எந்தப் போலீஸ் நிலையத்துக்கு அழைப்பை அனுப்புவது? ரயில்வே கண்ட்ரோல் போனை எடுத்ததும் நிலையத்தின் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் மற்ற பேச்சு. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவரால் அதைச் சொல்ல முடியுமா?

அமெரிக்காவில் இந்தப் பிரச்னை 2005-லேயே வெடித்தது. ஹூஸ்டன் நகரில் ஒரு வீட்டில் கொள்ளையர் புகுந்து கணவன், மனைவி இருவரையும் சுட்டனர். மகள் ஓடிப்போய் இண்டர்நெட் டெலிபோனில் 911-ஐச் சுழற்றினாள். இந்த இணைப்பில் அந்த வசதி இல்லை என்று பதிவு செய்யப்பட்ட குரல்தான் பதில் சொன்னது. டெக்சாஸ் மாநில அரசு வழக்குத் தொடர்ந்தது. அதே ஆண்டு மே மாதம், சாதாரண எண்களுடன் பேச வைக்கும் எல்லா இண்டர்நெட் டெலிபோன் கம்பெனிகளும் 911 வசதி தந்தே தீரவேண்டும் என்று மத்திய தகவல் தொடர்புக் கமிஷன் உத்தரவிட்டது. சந்தாதாரர் தமது விலாசத்தைப் பதிவு செய்யவேண்டும் என்பது ஏற்பாடு.

கனடாவும் அதே 2005-இல் இப்படி உத்தரவு போட்டது. ஆனால் 2008-இல் கால்கரி நகரில் 18 மாதக் குழந்தை ஒன்றுக்கு உயிர் ஊசலாடியபோது, வீட்டார் இண்டர்நெட் டெலிபோனில் கூப்பிட்டார்கள். ஆம்புலன்ஸ் புறப்பட்டது, நாட்டின் மறுகோடியில், ஒண்டாரியோ மாகாணத்தில் இருந்த அவர்களது பழைய விலாசத்துக்கு! குழந்தை இறந்துவிட்டது.

நம் நாட்டில்? 2017 அக்டோபரில் டிராய் இதை ஆராய்ந்தது. அவசர அழைப்பு வசதி தரும்படி கம்பெனிகளை ஊக்குவிக்கலாம், இப்போதைக்குக் கட்டாயப்படுத்த வேண்டாம், வசதியில் உள்ள குறைகளைச் சந்தாதாரருக்குத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும் என்றது. 2018-இல் தொலைத்தொடர்பு இலாகா இச்சேவைக்கு வழி திறந்தது, பி.எஸ்.என்.எல். நிறுவனம் 'விங்ஸ்' சேவையை அறிவித்தது. வாட்ஸ்அப் போன்றவையோ லைசென்சுக்கே வெளியே நிற்கின்றன. 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் அவற்றுக்குப் பொருந்தாது என்று மந்திரியே விளக்கினார்.

புதிய தொழில் முளைக்கும்போது கையைக் கட்டிப்போடக் கூடாது என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் சாதாரண எண்ணுக்குப் பேச வைத்துக் காசு வாங்கும் கம்பெனி, 112-க்கு மட்டும் பேச வைக்காது என்றால் எப்படி ஒப்புக்கொள்வது? 'தெளிவாகச் சொல்லிவிட்டோம்' என்பதும், பொடி எழுத்தில் நாலு பக்கம் ஆங்கிலத்தில் சொல்வதும் ஒன்றல்ல. அமெரிக்காவில் கருவியின் மேலேயே எச்சரிக்கை ஒட்டவேண்டும் என்று உத்தரவிட்டார்கள்.

அதே சமயம் அமெரிக்காவின் விலாசப் பதிவு முறையை அப்படியே இங்கே இறக்குமதி செய்வது நமக்கு ஆபத்து. நம்மில் பலருடைய ஆதாரிலும் சிம் கார்டு விண்ணப்பத்திலும் இருப்பது ஊர் விலாசம். படுத்து எழுவது சாலில் ஒரு அறையில். சயானில் ஒருவர் மயங்கி விழ, ஆம்புலன்ஸ் நாங்குநேரிக்குப் போய் நிற்கும். கால்கரி கதைதான். ஆகவே செல்போன் தானாகவே காட்டும் இருப்பிடத்தை அழைப்புடன் சேர்த்து அனுப்பும் முறையைத்தான் இலாகா கட்டாயமாக்க வேண்டும். அதற்கு வேண்டிய கருவி ஒவ்வொரு ஸ்மார்ட்போனிலும் ஏற்கெனவே இருக்கிறது.

இன்னொன்று: ஊரில் தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று வாட்ஸ்அப்பில் தகவல் வந்தால், பதறிப்போய் இங்கிருந்து 112-ஐ அழுத்தாதீர்கள். அது மகாராஷ்டிரக் கட்டுப்பாட்டு அறைக்குத்தான் போகும். அங்கே பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, அவருடைய போனிலிருந்தே 108-க்குப் பேசச் சொல்லுங்கள். அந்தப் பக்கத்து வீட்டு எண்ணை இன்றைக்கே எழுதி வைத்துக்கொள்வது நல்லது.