பெரியவர் மறுத்த கணக்கு

நட்சத்திரங்களுக்கும் மூப்பு உண்டு, முடிவு உண்டு என்று சொன்னால் நேயர்களில் சிலருக்கு மனம் ஒப்பாது. அருந்ததி என்றென்றும் அழியாதவள் என்று எண்ணியல்லவா கல்யாணத்தில் மணமகளுக்கு அவளைக் காட்டுகிறோம்? ஆனால் வானசாஸ்திரம் சொல்லும் கதை வேறு.

நட்சத்திரம் என்பது தன் பாரத்தைத் தானே தாங்கி நிற்கும் பெரியதொரு வாயுக் கோளம். உள்ளிருக்கும் உஷ்ணம் அதை வெளியே தள்ளுகிறது. ஈர்ப்புச் சக்தி உள்ளே இழுக்கிறது. இவ்விரண்டும் சமமாய் இருக்கும் வரையில்தான் அதன் வாழ்வு. எரிபொருள் தீர்ந்ததும் ஈர்ப்பின் கை ஓங்குகிறது, நட்சத்திரம் சுருங்குகிறது. ஸிரியஸ் என்னும் பிரகாசமான நட்சத்திரத்துக்குச் சிறு துணை ஒன்று உண்டு. நிறையில் அது ஏறக்குறையச் சூரியனுக்குச் சமம்; பருமனிலோ பூமியளவுதான். அதன் பொருளில் ஒரு தேக்கரண்டி எடுத்து நிறுத்தால் பல டன் இருக்கும்! இத்தகையவற்றை வெள்ளைக் குள்ளர்கள் என்பார்கள். எல்லா நட்சத்திரங்களும் கடைசியில் இப்படிக் குள்ளராகிக் குளிர்ந்து அடங்கிவிடும் என்றே ஒரு காலத்தில் அறிஞர் பலர் நம்பினர்.

1930-ஆம் வருஷம் ஜூலை மாதக் கடைசியில், சென்னைப் பிரஸிடென்ஸி கல்லூரியில் படித்துத் தேறிய வாலிபர் ஒருவர் பம்பாயில் கப்பலேறிக் கேம்பிரிட்ஜுக்குப் புறப்பட்டார். அவர் பெயர் சுப்பிரமணியன் சந்திரசேகர். இருபது வயது அப்போது நிரம்பவில்லை. கப்பலில் பொழுது போக்குவதற்கு அவர் கைக்கொண்டது ஒரு கணக்கு. வெள்ளைக் குள்ளனுக்குள் நெருக்குண்ட எலெக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை நெருங்கி ஓடுமே. அங்கே ஐன்ஸ்டீனின் தத்துவத்தையும் சேர்த்துக் கணிக்க வேண்டாமா? அவ்வாறு கணித்தபோது ஓர் எல்லை தென்பட்டது. பின்னர் திருத்தமாய்க் கண்டபடி, சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்குக்கு மேற்பட்ட நிறையுள்ள நட்சத்திரம் குள்ளனாகி நிற்க முடியாது. மேலும் மேலும் சுருங்கியே தீரவேண்டும்.

1935-ஆம் வருஷம் ஜனவரி 11-ந் தேதி லண்டனில் ராயல் வானசாஸ்திர சங்கத்தில் சந்திரசேகர் இதை எடுத்துரைத்தார். அடுத்துப் பேச எழுந்தவர் ஸர் ஆர்தர் எட்டிங்டன். 1919-இல் சூரிய கிரகணத்தை ஆராய்ந்து ஐன்ஸ்டீனின் சித்தாந்தத்தை மெய்ப்பித்தவர்களில் முதன்மையானவர்; நட்சத்திரங்களின் உள்ளமைப்பைப் பற்றி அக்காலத்தில் அவர் வாக்குக்கு மறுவாக்கு இல்லை. இந்தக் கணக்கு சரியானால், ஒளியும் வெளியே தப்ப முடியாத அளவுக்கு நட்சத்திரம் சுருங்கிவிடுமே என்று அவர் சுட்டிக் காட்டினார். பிறகு, இத்தகைய அபத்தத்தை இயற்கையின் விதி ஏதேனும் ஒன்று தடுத்தே தீரும் என்று தீர்ப்பும் கூறிவிட்டார். சபை சிரித்தது. இருபத்து நான்கு வயது இந்தியருக்குப் பதில் சொல்லும் சந்தர்ப்பமும் கிடைக்கவில்லை. அவர் சொன்னதே சரி என்று அந்தரங்கமாய் ஒப்புக்கொண்ட பெரிய நிபுணர்களும் பகிரங்கமாய் வாய் திறந்தார்களில்லை.

விந்தை என்னவென்றால், இன்று கருந்துளை என்று நாம் அறிந்திருப்பதை எட்டிங்டன் அன்றே கண்முன் கண்டார். கண்டும், அது இருக்கலாகாது என்று தள்ளிவிட்டார்.

சந்திரசேகர் என்ன செய்தார்? வழக்காடிக் கொண்டிருக்கவில்லை. அமெரிக்கா சென்று, தம் முடிவுகளை 1939-இல் ஒரு நூலாக்கி வைத்துவிட்டு, வேறு துறைக்குப் போய்விட்டார். பிற்பாடு அதுவே அவருடைய வாழ்க்கை முறையாயிற்று. நட்சத்திரக் கூட்டங்களின் இயக்கம், ஒளி பரவும் விதம், திரவங்களின் நிலைப்பாடு, சுழலும் கோளங்களின் வடிவம் என ஒவ்வொன்றிலும் பல வருஷம் உழைத்து, ஒரு பெரிய நூல் எழுதி முடித்து, மறுபடி மாணாக்கராய் இன்னொன்றைத் தொடங்குவார். கருந்துளைகளின் கணிதத்தைப் பற்றிய அவரது பெருநூல் 1983-இல் வெளியாயிற்று. அவ்வருஷமே, ஃபௌலர் என்னும் அமெரிக்கருடன் நோபெல் பரிசையும் பகிர்ந்துகொண்டார். நியூட்டனின் நூலுக்கு அவர் எழுதிய விளக்கம் வெளிவந்தது 1995-இல்; ஆகஸ்டு மாதம் அவர் காலமானதும் அவ்வருஷத்தில்தான்.

1975-இல் சிக்காகோவில் செய்த ஒரு பிரசங்கத்தில் அவர் ஒரு கேள்வியை ஆராய்ந்தார். ஷேக்ஸ்பியரும் பீத்தோவனும் வயது ஏற ஏற உயர்ந்துகொண்டே போனார்கள். விஞ்ஞானிகளில் பெரும்பாலோர் இளமையிலேயே உச்சியைத் தொட்டு நின்றுவிடுவது ஏன்? இதற்கு அவர் கண்ட காரணங்களில் ஒன்று, இயற்கையின் முன் கொள்ளும் கர்வம். ஒருமுறை பெருவெற்றி கண்டவன், தன் பார்வையே சரியான பார்வை என்று நம்பிவிடுகிறான். இயற்கையோ அவனுக்குக் கட்டுப்பட்டதன்று.

இவ்விதம் சொன்னவர் மனத்தில் எட்டிங்டன்மேல் கசப்பு இருந்ததா என்று கேட்கலாம். இருவரும் கடைசிவரை நண்பர்களாகவே இருந்தனர். எட்டிங்டன் 1944-இல் மறைந்தபோது அஞ்சலி செலுத்தியவர்களில் சந்திரசேகரும் ஒருவர். அவருடைய நூற்றாண்டின்போது கேம்பிரிட்ஜுக்கே சென்று, தம் காலத்து வானநூலாரில் தலைசிறந்தவர் என்று புகழ்ந்து பேசினார்.

அறுபது கடந்த விஞ்ஞானியால் நன்மையைவிடத் தீமையே அதிகம் என்று ஹக்ஸ்லி ஒருமுறை சொன்னாராம். அதைப் பற்றி முதியவரான ராலி பிரபுவை அவர் மகன் கேட்டபோது, இளைஞர்களின் வேலையைக் கண்டிக்கப் புகுந்தால் அப்படி ஆகலாம். தாம் அறிந்ததில் நின்றால் ஆகவேண்டியதில்லை என்று பதில் வந்ததாம். இதைச் சந்திரசேகர் தம் பிரசங்கத்தில் விருப்பத்துடன் எடுத்துரைத்தார். விஞ்ஞானிகளுக்கு மாத்திரம் சொன்ன விடையாக அது தோன்றவில்லை. வீட்டில் இளையவன் புதிதாக ஒன்றைச் சொல்லும்போது, அது இருக்கவே முடியாது என்று நம் வாய் முந்துகிறதே, அந்தச் சமயத்தில் நாமும் அதை நினைத்துக் கொள்ளலாம்.