தொட்டுப் பார்க்காத கால்

ஊர்த்தெருவில் திண்ணையில் உட்கார்ந்து பிரஷர் பார்த்த நர்ஸ், காலனியில் வாசலோடு நின்றார். எட்டு மாதக் கர்ப்பிணி கால் வீக்கத்தைச் சொன்னாள். "மாசமா இருந்தா வீங்கத்தான் செய்யும், காலைத் தூக்கி வச்சுப் படு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சொன்னது பொய்யல்ல. பெரும்பாலான வீக்கம் ஓய்வெடுத்தால், இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் குறையும். ஆனால் எது சாதாரணம், எது ஆபத்து என்று வாசலில் நின்று சொல்ல முடியாது. விரலால் அழுத்திக் குழி விழுகிறதா என்று பார்க்க வேண்டும். பிரஷர் 140/90-க்கு மேலா, சிறுநீரில் புரதம் இறங்குகிறதா, முகம் வீங்குகிறதா, தலைவலியும் கண் மங்கலும் உண்டா என்று பார்க்க வேண்டும். கவனிக்காத கர்ப்பகால ரத்தக்கொதிப்பு தாயையும் பிள்ளையையும் கொல்லும். நாங்கள் அழைத்துப்போனபோது அவளுக்கு 150/100.

தீண்டாமையை ஒழித்தது அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு. அவள் காலில் படாத விரலில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது.

தோழர்களே, காலனிக்குப் போனால் கர்ப்பிணிகளிடம் கேளுங்கள்: "தொட்டுப் பார்த்தாங்களா?" இல்லையென்றால், அதை எழுத்தில் வட்டார மருத்துவ அலுவலரிடம் கொடுங்கள்.